குகைக்குள் விழும் கதிர்: கவி கங்காதரேசுவரர் கோயிலும் அதனைப் பற்றிய எழுத்தும்

முன்னுரை

பெங்களூரின் தென்பகுதியில், பசவனகுடியை அடுத்த கவிபுரத்தில், பாறையைக் குடைந்து அமைந்த சிவன் கோயில் ஒன்று உள்ளது. கவி கங்காதரேசுவரர் கோயில் என்பது அதன் பெயர். கன்னடத்தில் ‘கவி’ என்பது குகையைக் குறிக்கும். தமிழ்க் கிறித்துவர் மாதாவின் குகையைக் ‘கெபி’ என வழங்குவதை அறிந்தோர்க்கு இச்சொல் அயலானதாகத் தோன்றாது.

ஆண்டுதோறும் ஜனவரித் திங்களின் நடுவில் வரும் மகர சங்கராந்தியன்று, மேற்கே சாயும் கதிரவனின் ஒளி இக்கோயிலின் சாளரத்தின் வழியே புகுந்து, நந்தியின் இரு கொம்புகளுக்கும் இடையே சென்று, குகையின் உள்ளே எழுந்தருளியுள்ள இலிங்கத்தைத் தொடுகின்றது. அக்காட்சியைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் தைப்பொங்கல் கொண்டாடும் நாளும் அதுவே. கதிரவன் மகர இராசியில் நுழைவதே இரண்டுக்கும் அடிப்படை. ஆதலின் அக்குகைக்குள் விழும் கதிரைப் பற்றிப் பேசுவது நம் நாட்காட்டியைப் பற்றிப் பேசுவதுமாகும்.

இக்கோயிலைப் பற்றிய எழுத்துகள் பல. செய்தித்தாள் கட்டுரைகள், பயணக் குறிப்புகள், சுற்றுலாக் கையேடுகள் எனத் தமிழிலும் பிற மொழிகளிலும் அவை பெருகியுள்ளன. அவற்றுள் மிகப் பல ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: ஆண்டில் ஒரே ஒரு நாள், சங்கராந்தியன்று மட்டும், இறைவன்மீது கதிர் விழுமாறு முன்னோர் கணித்துக் கட்டினர், அக்கணக்கு இன்றும் பிசகவில்லை. இப்பாடம் எவ்வளவு தூரம் கோயிலுக்கு உண்மையானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு நூலை அணுகும் திறனாய்வு முறையைக் கொண்டே ஒரு கட்டடத்தையும் அணுகலாம் என்பது நம் துணிபு. நூலுக்கு மூலமும் உரையும் இருப்பது போலக் கோயிலுக்கும் மூலமும் உரையும் உண்டு. மூலம் கல், உரை நாம் எழுதுவது.

கோயிலின் அமைப்பு

முதற்கண் மூலத்தை நோக்குவோம். முற்றத்தில் நுழைவோரை எதிர்கொள்பவை தனிக்கல்லால் ஆன பெருந்தூண்கள். இரண்டு தூண்களின் உச்சியில் பெரிய கல்வட்டுகள் உள்ளன. அவற்றைச் சூரியபானம், சந்திரபானம் என வழங்குவர். ஏனைய இரண்டும் சிவனது திரிசூலத்தையும் உடுக்கையையும் காட்டுகின்றன. இத்தூண்கள் கூரையைத் தாங்குபவை அல்ல. வெட்டவெளியில் தனித்து நிற்பவை. தென்னாட்டுக் கோயில்களில் கொடிமரமும் பலிபீடமும் நந்தியும் வரிசையாக அமைந்திருக்கக் கண்டு பழகிய நமக்கு, இம்முற்றம் முற்றிலும் வேறான ஓர் ஒழுங்கை உடையதாகத் தோன்றுகின்றது.

முற்றத்தைக் கடந்தால் தூண்மண்டபம். அதனை அடுத்துக் குகை. குகையின் கூரை தாழ்ந்தது. இலிங்கத்தை வலம் வர விரும்புவோர் குனிந்தே செல்ல வேண்டும். நின்றபடி வணங்கும் பழக்கமுடைய உடலை அப்பாறை தானே வளைத்துவிடுகின்றது. உள்ளே வைக்கப்பட்டுள்ள படிமங்களுள் இரு தலை, ஏழு கை, மூன்று கால் கொண்ட அக்கினியின் படிமம் கருதத்தக்கது. தீக்கடவுளுக்குத் தனிப்படிமம் அமைந்த கோயில்கள் அரியன. குகையிலிருந்து காசிவரை சுரங்கம் செல்வதாகவும் கதை உண்டு.

நம் பத்துமலை இயற்கையாய் அமைந்த சுண்ணாம்புக் குகை. அங்கே ஒளி மேற்கூரையின் திறப்பு வழியே மேலிருந்து இறங்கும். கவிபுரத்துக் குகையிலோ மேலிருந்து ஒளி இல்லை. ஒளி புக வேண்டுமாயின் கிடைமட்டமாக, வாயிலின் பக்கமிருந்தே புக வேண்டும். அடிவானை நெருங்கிய கதிரவனால் மட்டுமே அது கூடும். ஆதலின் இங்குக் கதிர் மாலையில் வருவது தற்செயலன்று. குகையின் வடிவே அதனைக் கட்டாயமாக்குகின்றது. இவ்வளவில் மூலம் தெளிவாகவே பேசுகின்றது.

உரைகளின் குறைகள்

இனி உரைகளை நோக்குவோம். அவற்றுள் மூன்று குறைகள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

முதலாவது, காலக் குழப்பம். கௌதம முனிவரும் பரத்துவாச முனிவரும் இங்கே தவமிருந்தனர் என்பது தலபுராண மரபு. பதினாறாம் நூற்றாண்டில் பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் கோயிலைத் திருத்திக் கட்டினார் என்பது வரலாற்றோடு ஒட்டிய மரபு. விசயநகர ஆட்சியாளரான இராமராயரால் ஐந்தாண்டு சிறையில் வைக்கப்பட்டு, விடுதலை பெற்றபின் நன்றிக் கடனாக அவர் இப்பணியைச் செய்தார் என்பர். இவ்விரு மரபுகளும் தத்தம் நிலையில் மதிக்கத்தக்கவை. ஆயின் பயணக் கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. முனிவரின் தொன்மையைத் தவத்திலிருந்து எடுத்துச் சாளரத்திற்கும் மண்டபத்திற்கும் ஏற்றிவிடுகின்றன. குகை தொன்மையானதாக இருக்கலாம். அதன் முன்னே எழுந்த சுவரும் அதே தொன்மை உடையது என்பது அதனால் பெறப்படாது. கதிரின் வழியை வரையறுப்பதோ குகையன்று, முன்னே நிற்கும் சுவரும் சாளரமுமே ஆகும். காலம் பற்றிய வினா ஒளி பற்றிய வினாவாகவே மாறும் இடம் இதுவாகும்.

இரண்டாவது, இடக் குழப்பம். பெங்களூருக்கு வடமேற்கே சிவகங்கை மலையிலும் கவி கங்காதரேசுவரர் என்னும் பெயருடைய குகைக் கோயில் உண்டு. இலிங்கத்தின்மீது பூசும் நெய் வெண்ணெயாக மாறும் என்னும் நம்பிக்கை அம்மலைக் கோயிலுக்கு உரியது. பெயர் ஒற்றுமையால் அந்நம்பிக்கையைக் கவிபுரத்துக் கோயிலுக்கு ஏற்றிக் கூறுவாரும் உளர். இரு கோயில்களையும் நேரில் காணாது, ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தெழுதுவதால் நேரும் பிழை இது. ஏடெழுதுவோர் ஒரு நூலின் பாட்டை மற்றொரு நூலில் சேர்த்துவிடும் பிழைக்கு இஃது ஒப்பாகும்.

மூன்றாவது குறையே நம் ஆய்வுக்கு முதன்மையானது. அஃது ‘ஒரே நாள்’ என்னும் சொல். இதனைத் தனியே ஆராய வேண்டும்.

ஒரே நாள் என்னும் கூற்று

கதிரவன் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மறைவதில்லை. ஜூன் 21 அளவில் மேற்குத் திசையின் வடகோடியிலும், டிசம்பர் 21 அளவில் தென்கோடியிலும் மறைகின்றது. இடைப்பட்ட நாட்களில் இவ்விரு கோடிகளுக்கும் நடுவே ஊசல்போலச் சென்று திரும்புகின்றது. ஊசல் தன் பாதையிலுள்ள ஒவ்வோர் இடத்தையும் இருமுறை கடக்கும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. இரு கோடிகள் மட்டுமே ஒருமுறை தொடப்படும்.

இவ்வெளிய உண்மையைக் கவிபுரத்துச் சாளரத்தில் பொருத்திப் பார்ப்போம். ஜனவரி 14, கதிரவன் தென்கோடியிலிருந்து திரும்பிய 24-ஆம் நாள். அன்று கதிரவன் நிற்கும் அதே நிலையில், தென்கோடிக்குப் போகும் வழியிலும் ஒருமுறை நின்றிருக்க வேண்டும். டிசம்பர் 21-இலிருந்து 24 நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 27, 28 அளவில் அந்நாள் வந்து சேரும். எனவே ஜனவரி 14-இல் இலிங்கத்தைத் தொடும் கதிர், முகில் மறைக்காவிடின், நவம்பர் இறுதியிலும் தொட்டே தீரும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. நாட்காட்டியும் விரல்களும் போதும்.

கணக்கால் பெறப்பட்ட இது கண்ணாலும் காணப்பட்டது. பெங்களூர் நேரு கோளரங்கத்தைச் சார்ந்த சைலஜாவும் அவருடன் செயந்த், சுதீசு ஆகியோரும் இக்கோயிலை ஆராய்ந்து, 2008 டிசம்பரில் ‘கரண்ட் சயன்ஸ்’ ஆய்விதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஜனவரி 13 முதல் 16 வரையிலும், நவம்பர் 26 முதல் டிசம்பர் 2 வரையிலும் ஆகிய இரு காலங்களில் மாலைக் கதிர் இலிங்கத்தின்மீது விழுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். ஒரே நாள் என்பது சில நாட்களாகவும், ஒரு முறை என்பது இரு முறையாகவும் விரிந்தது.

நவம்பர் இறுதி நம் கார்த்திகை மாதத்தில் அடங்கும். அதே சாளரம், அதே கொம்புகள், அதே இலிங்கம், அதே ஒளி. ஆயின் அந்நாட்களைப் பற்றி எழுதுவோர் அரியர். கார்த்திகையில் விழும் கதிர் வெறும் வெயிலாகவும், தையில் விழும் கதிர் அற்புதமாகவும் கொள்ளப்படுவதன் காரணம் கல்லில் இல்லை, நாட்காட்டியில் உள்ளது. திருநாள் கதிருக்குப் பொருள் தருகின்றது. இஃது இழிவன்று. சடங்கு எப்பொழுதும் இவ்வாறே இயற்கை நிகழ்ச்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனதாக்கிக் கொள்கின்றது. தமிழகத்துச் சிவாலயங்கள் பலவற்றில் ஆண்டில் சில நாட்கள் கதிரொளி கருவறையில் விழுவதைச் சூரிய பூசை எனப் போற்றுவதும் இவ்வகையினதே. தேர்ந்தெடுத்தவர் மனிதர் என்பதை மறைத்து, இயற்கையே அந்நாளைத் தேர்ந்ததாக எழுதுவதுதான் குறை.

நகரும் சங்கராந்தி

‘அக்கணக்கு இன்றும் பிசகவில்லை’ என்னும் கூற்றில் மற்றுமொரு சிக்கல் உண்டு. அதனை விளக்க இருவகை ஆண்டுகளைக் குறிப்பிட வேண்டும். பருவங்களைக் கொண்டு அளக்கும் ஆண்டு ஒன்று. கதிரவன் வடக்கும் தெற்கும் செல்வதைக் கொண்டு அஃது அமைகின்றது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஆங்கில நாட்காட்டி அதனைத் தழுவியது. விண்மீன்களைக் கொண்டு அளக்கும் ஆண்டு மற்றொன்று. கதிரவன் மேடத்தில் புகுவது சித்திரை, மகரத்தில் புகுவது தை என நம் மாதங்கள் அதனைத் தழுவியவை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம். சிறிதெனத் தோன்றும் இவ்வேறுபாடு எழுபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு முழுநாள் ஆகிவிடும்.

ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் மகர சங்கராந்தியும் கதிரவன் தென்கோடியிலிருந்து திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என நாம் இன்றும் கூறுவது அக்கால நிலையின் எச்சமாகும். உண்மையான வடதிசைத் திருப்பம் இன்று டிசம்பர் 21, 22-இல் நிகழ்கின்றது. நம் பொங்கல் அதனின்றும் மூன்று வாரங்களுக்கு மேல் விலகி நிற்கின்றது.

சாளரத்தின் வழியே புகும் ஒளி எந்த ஆண்டுக்குக் கட்டுப்படும் என்பதே இங்கு வினா. ஒளி விண்மீன்களை அறியாது. கதிரவன் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பதையே அறியும். அதாவது ஒளி பருவ ஆண்டுக்குக் கட்டுப்பட்டது. சங்கராந்தியோ விண்மீன் ஆண்டுக்குக் கட்டுப்பட்டது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல விலகிச் செல்பவை. கெம்பே கௌடர் வாழ்ந்த பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய நாட்காட்டி முறைப்படி, சங்கராந்தி ஜனவரி 7, 8 அளவில் வந்திருக்கும். அந்நாளில் கதிரவன் இன்றைய சங்கராந்தி நிலையைவிட ஏறத்தாழ ஒரு பாகை தெற்கே நின்றிருக்கும். வானில் கதிரவனின் தோற்றக் குறுக்களவு அரைப் பாகை. எனவே விலகல் இரு கதிரவன்களை அடுக்கிவைத்த அளவாகும்.

நுண்ணிய குறி கொண்ட அமைப்பு ஒன்று அன்றைய சங்கராந்திக்குப் பிசகாமல் பொருந்தியிருந்தால், இன்றைய சங்கராந்திக்கு அது பிசகியே இருக்க வேண்டும். இன்றைக்குப் பிசகாமல் பொருந்துமாயின், அன்றைக்குப் பொருந்தியிராது. அல்லது திறப்பு அகன்றதாக இருந்து, பல நாட்களுக்கு இடங்கொடுப்பதாக இருக்க வேண்டும். இம்மூன்றுள் ஒன்றே உண்மையாக இருக்க முடியும். ‘அன்றும் பிசகவில்லை, இன்றும் பிசகவில்லை, அந்த ஒரே நாளில் மட்டும்’ என மூன்றையும் சேர்த்துச் சொல்வது இயலாது. முன்னோரின் வானியல் அறிவைப் புகழ எழுந்த இக்கூற்று, அவர்கள் அறிந்து கணித்த அயன விலகலையே மறந்துவிடுகின்றது. சங்கராந்தியும் அயனத் திருப்பமும் வேறுபடுவதை இந்திய வானியலார் ‘அயனாம்சம்’ எனப் பெயரிட்டு அளந்தனர். அவர்களைப் புகழ்வோர் அவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டாவா?

டேனியல் ஓவியங்களும் பாடவேறுபாடும்

ஒரு நூலின் பாடம் ஐயத்திற்கு உரியதானால் பழைய சுவடியைத் தேடுவது வழக்கம். கவிபுரத்துக் கோயிலுக்கு அத்தகைய சுவடி ஒன்று கிடைத்துள்ளது. ஆங்கில ஓவியர் தாமசு டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792-இல் தென்னாட்டில் பயணம் செய்தனர். திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அவ்வாண்டில்தான் முடிவுற்றது. அப்பயணத்தில் அவர்கள் இக்கோயிலையும் வரைந்தனர். இந்தியக் காட்சிகளை 144 அச்சுப்படங்களாக வெளியிட்டுப் புகழ்பெற்ற இவ்விருவரும், காட்சியைத் தாளில் விழச்செய்து வரைய உதவும் இருட்பெட்டிக் கருவியைக் கையாண்டவர்கள். ஆதலின் அவர்தம் வரைபடங்கள் கட்டட ஆய்வுக்கு ஓரளவு நம்பத்தக்க சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

2008 ஆய்வினர் அவ்வோவியங்களை இன்றைய கோயிலோடு ஒப்பிட்டனர். ஓவியத்தில் இல்லாத சுவர்களும் கட்டடங்களும் இன்று இருப்பதைக் கண்டனர். அக்காலத்தில் கட்டட அமைப்புக் குறைவாக இருந்தமையால், கதிரவன் திரும்பும் அயன நாட்களில் குகைக்குள் ஒளி விழுந்திருக்கும் என்பது அவர்தம் முடிவு. பின்னர் எழுந்த சுவர்கள் ஒளியின் வழியைக் குறுக்கின. எஞ்சிய திறப்பின்வழி இன்று நாம் காணும் ஒளி வருகின்றது.

இம்முடிவை ஏற்றால், சங்கராந்தி மாலைக் காட்சியின் இன்றைய வடிவம் மூல ஆசிரியரின் எழுத்தன்று. பின்வந்தோர் கைபட்ட பாடம். நம் இலக்கிய மரபில் இடைச்செருகல் என்பது பெரும்பாலும் பழிச்சொல். ஆயின் இங்கு அதனை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. சுவரெழுப்பியோர் ஒளியை முற்றிலும் அடைத்துவிடவில்லை. அடைத்திருந்தால் குகை என்றென்றும் விளக்கொளியில் மட்டுமே இருந்திருக்கும். ஏதோ ஒரு திறப்பு எஞ்சியது. அதன்வழி ஒளி வந்தது. வந்த ஒளி திருநாளோடு இணைந்தது. அத்திறப்பு திட்டமிட்டு விடப்பட்டதா, தானே நேர்ந்ததா என்பதைக் கல் சொல்லவில்லை. ஆயினும் அவ்வொளியை இனங்கண்டு, அதற்குரிய நேரத்தில் இறைவனுக்கு நீராட்டிப் போற்றும் வழக்கத்தை ஏற்படுத்தியோர் கூர்ந்து நோக்கத் தெரிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்தம் பெயர் எந்த எழுத்திலும் இடம்பெறுவதில்லை. எல்லாப் புகழையும் பழங்காலத்துக்கே கொடுத்துவிடும் உரை, இடைக்காலத்து நல்லறிஞரை இல்லாதவராக்கிவிடுகின்றது. இது நாம் கவனிக்கத் தவறும் இழப்பாகும்.

முற்றத்து வட்டுகள்

முற்றத்தில் நிற்கும் கல்வட்டுகளையும் இவ்வாய்வினர் அயனத் திருப்பங்களோடு தொடர்புபடுத்தினர். கோடைத் திருப்பத்தன்று கதிரவன் உதிக்கும் வடகிழக்குத் திசையை நோக்கி ஒரு கோடு வரைந்து, அதனைப் பின்னோக்கி நீட்டினால், குளிர்காலத் திருப்பத்தன்று கதிரவன் மறையும் தென்மேற்குத் திசையை அது சென்று சேரும். ஆதலின் சரியாக நாட்டிய இரு கற்கள் ஆண்டின் இரு எல்லைகளையும் ஒருங்கே காட்ட வல்லவை. ஞாயிறு, திங்கள் என்னும் பெயர்களும் இவ்விளக்கத்திற்குத் துணை செய்கின்றன.

எனினும் பிறர் கூற்றை ஆராய்ந்த அதே அளவுகோலை இதற்கும் நீட்டுவதே நடுவுநிலைமை. முற்றத்தில் நான்கு தூண்கள் உள்ளன. இரண்டிரண்டாக இணைத்தால் ஆறு கோடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் இரு திசைகளைக் காட்டும். ஆகப் பன்னிரு திசைகள். ஞாயிறு தோன்றும், மறையும் இடங்களுள் அயன நாட்களுக்கும் சமநாட்களுக்கும் உரியவை ஆறு. பன்னிரண்டில் சில, ஆறில் சிலவற்றோடு தாமாகவே ஒத்துப்போதல் வியப்பன்று. எனவே திசைப் பொருத்தம் மட்டுமே கட்டியோரின் கருத்தை நிறுவப் போதாது. மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றிக் கோயில் எடுத்ததைக் கல்லிலேயே பொறித்துச் சென்றான். அங்குக் கட்டியவனின் கருத்தும் மூலத்தின் பகுதியாகிவிட்டது. அத்தகைய சொல் துணை நிற்கும் இடத்தில் ஐயத்துக்கு வேலையில்லை. இவ்வட்டுகளைப் பொறுத்தவரை, அயன விளக்கம் ஏற்கத்தக்க கருதுகோள். அறுதியிட்ட உண்மை அன்று என்பதே நம் மதிப்பீடு.

அறிவும் வழிபாடும்

இவ்வாறு ஆராய்வது வழிபடுவோரின் மனத்தைப் புண்படுத்தாதா என வினவலாம். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. குகையின் முன் மணிக்கணக்கில் காத்திருந்து, அந்த ஒளி நந்தியைக் கடந்து உள்ளே செல்வதைக் காணும் அடியவர்க்கு அது நாட்காட்டிச் சிக்கலாக இருப்பதில்லை. அவர் காண்பது, உலகெங்கும் பரவி நிற்கும் ஒளி ஒரு சிறு இருட்டறையைத் தேடி வருவதை. அவ்வனுபவம் ஆண்டில் ஒரு நாள் நிகழ்ந்தாலும் பத்து நாள் நிகழ்ந்தாலும் குறைவுபடாது. பக்தி எண்ணிக்கையை நம்பி நிற்பதன்று.

ஆனால் ‘ஒரே நாள்’ என்னும் உரையை நம்பி நிற்கும் பக்தி எளிதில் இடறும். 2021 சங்கராந்தியன்று பெங்களூர் வானில் முகில் சூழ்ந்திருந்தமையால் ஒளி இலிங்கத்தின்மீது விழக் காணப்படவில்லை. உடனே அது தீக்குறியோ என்னும் பேச்சு எழுந்தது. அடுத்த நாட்களிலும் கதிர் அவ்வழியே வரும், கார்த்திகையில் மீண்டும் வரும் என்பதை அறிந்தோர்க்கு அத்தகைய அச்சம் தோன்றியிராது. இங்குக் கணக்கு நம்பிக்கைக்குப் பகையாக நிற்கவில்லை. அச்சத்துக்கே பகையாக நிற்கின்றது.

மற்றொன்றும் உண்டு. மிகைப்படுத்திய புகழ்ச்சி, பொய்யென வெளிப்படும் நாளில், உண்மையான சிறப்பையும் தன்னுடன் இழுத்துச் சென்றுவிடும். நம் துறைகளில் பயிலும் மாணவர் பலர் கல்விச் சுற்றுலாவாகத் தென்னாட்டுக் கோயில்களைக் காணச் செல்கின்றனர். திரும்பி வந்து எழுதும் அறிக்கைகளில், வழிகாட்டி சொன்னதை அப்படியே எழுதுவோர் ஒருசாரார். அறிவியல் படித்த நண்பர் ஒருவரின் ஒரு வினாவில் அது தகர்ந்ததும், கோயிற்கலை முழுவதும் கட்டுக்கதை என ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இருவரும் ஒரே பிழையைச் செய்பவரே. முன்னவர் உரையை மூலமென மயங்கினர். பின்னவர் உரை பொய்த்ததால் மூலமும் பொய்யென மயங்கினர்.

மூலத்தைக் காப்பதற்கும் சரியான உரை வேண்டும். இக்கோயில் கர்நாடக மாநிலத்தின் 1961-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுவது. கல்லைக் காக்கச் சட்டம் உண்டு. ஆயின் ஒளியின் வழி கோயில் மதிலோடு முடிவதில்லை. தென்மேற்கே, தாழ்ந்த கதிரவன் வரும் வரிசையில், மதிலுக்கு அப்பால் உயர்ந்த கட்டடம் ஒன்று எழுந்தாலும் குகை இருண்டுவிடும். முன்னோரின் கணக்கு என்றும் பிசகாது என்னும் நம்பிக்கையில் இருப்போர் இதனை எண்ணிப் பாரார். ஒளி எத்திசையிலிருந்து, எவ்வுயரத்திலிருந்து, எந்நாட்களில் வருகின்றது என்பதை அளந்து அறிந்தோரே அவ்வழியைக் காக்கவும் கூடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கவிபுரத்துக் குகையில் சங்கராந்தியன்று கதிர் விழுவது உண்மை. அந்நாளில் மட்டும் விழுவது என்பது உண்மையன்று. ஆண்டில் இரு காலங்களில், ஒவ்வொன்றிலும் சில நாட்கள் அது நிகழ்கின்றது. தொன்றுதொட்டு அதே நாளில் பிசகாது நிகழ்ந்து வருவது என்பது வானியலோடு பொருந்தாது. சங்கராந்தி நகர்வது, ஒளி நகராதது. இன்றைய காட்சி பல காலத்துக் கைகள் சேர்ந்து உருவாக்கிய பாடம் என்பதே டேனியல் ஓவியங்களோடும் கணக்கோடும் ஒத்துச் செல்லும் விளக்கமாகும்.

இம்முடிவுகளால் கோயில் சிறுமை அடையவில்லை. ஒரு முனிவரோ ஓர் அரசரோ ஒரே நாளில் எழுதி முடித்த நூலாக அன்றி, தலைமுறைகள் படித்தும் திருத்தியும் உரையெழுதியும் வந்த நூலாக அது நம்முன் நிற்கின்றது. கோயில் காணச் செல்லும் நம் மாணவர்க்கு நாம் பரிந்துரைப்பது எளிய ஒன்றே. சங்கராந்திக்குச் செல்லுங்கள்; கூட்டத்தோடு நின்று அவ்வொளியைக் கண்டு மகிழுங்கள். இயலுமாயின் நவம்பர் இறுதியிலும் ஒருமுறை செல்லுங்கள். எந்நாளில், எந்நேரத்தில், எவ்விடத்தில் ஒளி விழுந்தது என்பதைக் குறித்து வையுங்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்போகும் ஒருவர்க்கு அக்குறிப்பே நம்பத்தக்க சுவடியாக இருக்கும்.